மாமாவின் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

ஜூன் 4

‘வாய்’ புரோகிராமின் இன்றைய முழு உரிமையாளருக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதினால் நம் இருவருக்குமே சிரிப்பு வரும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். ‘நீங்கள்’ என்று எழுதுவதைத் தவறாக நினைக்க வேண்டாம். வக்கீல் வழியாக எழுதி எழுதிக் கை அப்படிப் பழகிவிட்டது. பிரிந்த பிறகு நம்மிடையே மரியாதை வளர்ந்திருக்கிறது. முன்பே வளர்ந்திருந்தால் வக்கீல் தேவைப்பட்டிருக்காது.

நேற்று ஒரு முதியோர் இல்லத்து நர்ஸ் எனக்குப் போன் செய்தார். உதவிப் பக்கத்தில் இன்னும் என் எண்தான் இருக்கிறது. நான் வீட்டைவிட்டு வந்து பதினாலு மாதம் ஆகிறது, அதற்கும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலும்.

“மேடம், உங்க மெஷின் எங்க ஜட்ஜ் ஐயாவுக்கு வேற யாரோட பேச்சையோ பேசுதுங்க” என்றார். பொத்தானைத் தட்டினால் சேமித்த வாக்கியத்தைப் பேசும் நம் ‘வாய்’, அங்கே வாய் பேச முடியாத மூன்று பேருக்கும் ஒரே லேப்டாப்பில். ஆளுக்கொரு லாகின். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தண்ணீர் கேட்பதற்காக முதல் பொத்தானைத் தட்டியிருக்கிறார். மெஷின் நர்ஸைப் பார்த்து, “என் தங்கமே, கிட்ட வந்து உக்காரு” என்று சொல்லியிருக்கிறது. அது பக்கத்து அறை அம்மாள் தன் பூனையிடம் சொல்வதற்காகச் சேமித்து வைத்த வாக்கியம். நீதிபதி இரண்டு நாளாக லேப்டாப்பைத் திறக்கவில்லை. நர்ஸும் அவரிடம் கதவருகிலேயே நின்றுதான் பேசுகிறாராம்.

என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. நான் எழுதியபோது ஒவ்வொருவரின் வாக்கியங்களும் அவரவர் வீட்டுக்குள் இருந்தன. விண்டோஸில் அவரவர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஓர் உள்ளறை. மேக்கில் அவரவர் ‘லைப்ரரி’. லினக்ஸில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஒரு ஃபோல்டர். மூன்று சிஸ்டமும் எதிலும் ஒத்துப்போகாத மூன்று சம்பந்திகள். ஆனால் அவரவர் சாமான் அவரவர் வீட்டில் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து. நீங்கள் அதையெல்லாம் தூக்கி எல்லோருக்கும் பொதுவான ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டீர்கள். சரிதானே?

மாமாவின், அதாவது உங்கள் அப்பாவின், லேப்டாப்பில் உங்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆபரேஷனில் அவர் குரல்வளையை எடுத்த பிறகு மூன்று வருடமாக ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்த வாக்கியங்கள் அதில்தான் இருக்கின்றன. தயவுசெய்து உங்கள் கணக்கிலிருந்து அங்கே ‘வாயை’த் திறக்க வேண்டாம். ‘புதிதாகத் தொடங்கு’ என்ற பொத்தானின் பக்கமே போக வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் பங்குதாரர் (இரண்டு தொழிலிலும்)


ஜூன் 6

அன்புள்ள முன்னாள் பங்குதாரருக்கு,

நீ போன் செய்யாமல் எழுதியதற்கு நன்றி. பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதினால் மூன்றாவது கடிதம் வரை தாங்கும்.

ஆமாம், மாற்றினேன். நீ வீட்டைவிட்டுப் போன அந்த மாதமே மாற்றினேன். ஏன் என்று கேட்டுவிட்டுத் திட்டு. வாரத்துக்கு நாலு பேர் கூப்பிடுகிறார்கள். “சார், புது கம்ப்யூட்டர் வாங்கிட்டோம், அம்மாவோட பேச்ச எப்படி அதுக்குக் கொண்டுபோறது?” என்று. நான் கேட்க வேண்டியிருக்கிறது: “உங்களுது விண்டோஸா மேக்கா?” அவர், “கறுப்புங்க” என்கிறார். அந்தக் கறுப்பு மெஷினில், மறைந்த ஃபோல்டரைக் காட்டச் சொல்லி, அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று என்று ஒரு மனிதரைப் போனிலேயே கூட்டிக்கொண்டு போய்ப் பார். பாதி வழியில் அவர் அழுதுவிடுவார். ஒருத்தி அழுதாள்.

அதனால் எல்லா மெஷினிலும் ஒரே பெயர், ஒரே இடம், யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். வீட்டுச் சாவியை வாசலில் ஆணியில் மாட்டி வைப்பது போல. சாவியை யாரும் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைப்பதில்லை. நீ வைப்பாய்.

நீதிபதி விஷயம் வருத்தம்தான். அவர்கள் அவசரத்தில் ஒரே லாகினில் மூன்று பேரையும் உட்கார வைத்திருப்பார்கள். மனிதத் தவறு. யார் லாகினோ அவர் வாக்கியங்களை மட்டும்தான் புரோகிராம் தொடும்.

அப்பா நன்றாக இருக்கிறார். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டிரைவர்களை அதட்டிய ஆள், இப்போது பொத்தான் அழுத்தி என்னை அதட்டுகிறார். மற்ற நேரத்தில் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேக்கப் எடுக்கிறேன். நாளை ஞாயிறு. உன் பயத்தைத் தீர்ப்பதற்காகவே, அப்பாவின் லேப்டாப்பில் என் கணக்கிலிருந்து அந்தப் பொத்தானை அழுத்தி, ஒன்றும் ஆகவில்லை என்பதைப் படம் பிடித்து அனுப்புகிறேன்.


ஜூன் 6, மாலை

படம் வேண்டாம். நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள்.


ஜூன் 9

உன் கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செய்தேன் என்று எழுத நினைத்தேன். பார்த்த பிறகுதான் செய்தேன்.

போய்விட்டது. நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், அழிப்பதற்கு முன் புரோகிராம் கேட்டது: ‘412 வாக்கியங்கள் அழியும். சம்மதமா?’ என் கணக்கில் அவ்வளவு எப்படி வந்தது என்று ஒரு நொடி யோசித்தேன். யோசித்துக்கொண்டே சம்மதம் கொடுத்தேன். என் விரலுக்கு என்னைவிட வேகம் அதிகம்.

பேக்கப்பைப் பார்த்தேன். அது யூசர் ஃபோல்டர்களை மட்டும் எடுத்து வைத்திருக்கிறது. பொது ஃபோல்டரையும் எடுக்கும்படி நான் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். வீட்டுக்குள் இருந்ததையெல்லாம் ஞாயிறுதோறும் பத்திரப்படுத்தினேன். அப்பாவின் பேச்சு தெருவில் கிடந்தது.

நேற்று காலை அப்பா எழுந்து வந்து முதல் பொத்தானை அழுத்தினார். மெஷின், ‘வாக்கியம் ஒன்று’ என்றது. இரண்டாவதை அழுத்தினார். ‘வாக்கியம் இரண்டு’. முதல் பக்கத்தில் உள்ள நாற்பதையும் வரிசையாக அழுத்திப் பார்த்தார். நான் சமையலறையில் நின்றுகொண்டு நாற்பதையும் கேட்டேன். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தட்டிவிட்டு நான் கண்டுபிடிப்பேனா என்று பார்க்கிறார். கண்டுபிடிக்கவில்லை என்றதும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுகிறார்.

நேற்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை திறந்து தட்டினார். அவருக்கு ஒரு வரி தட்ட நாலு நிமிடம் ஆகும், உனக்குத் தெரியும். விரல் மடங்காது. காத்திருந்தேன். “யார் அழிச்சா?” என்று கேட்டது மெஷின்.

“அப்டேட்டுப்பா” என்றேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது உனக்குப் பயன்படாது, தெரியும். ஏதாவது வழி இருந்தால் சொல்.


ஜூன் 9

உடனே எழுதுகிறேன். வரிசையாகப் படி, தாண்டிப் போகாதே.

லேப்டாப்பில் வேறு எதையும் செய்யாதே. புதிதாக எதையும் ஏற்றாதே. மாமாவின் கணக்கில் நுழை, உன் கணக்கில் அல்ல. அவருடைய ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்து. மறைந்தவை தெரியும். அவருடையது லினக்ஸ் என்பதால், புள்ளியில் தொடங்கி ‘கான்ஃபிக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ‘வாய்’. இருந்தால் திறக்காதே. முதலில் ஒரு பென் டிரைவில் நகல் எடு. பிறகு இன்னொன்றில் எடு.

ஏன் இருக்கலாம் என்றால்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு செட்டிங்ஸை மாற்றும் பகுதியை நான்தான் முதல் வருடம் எழுதினேன். அது நகல் எடுக்கும், பழையதை அழிக்காது. “குப்பையை ஏன் அங்கேயே விட்டு வைக்கிற?” என்று நீ கேட்டாய். இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். இடத்தை மாற்றியபோது அந்தப் பகுதியையும் நீ திருத்தியிருந்தால் எல்லாம் முடிந்தது. திருத்தாமல் விட்டிருந்தால் பழைய ஃபைல் அங்கேயே இருக்கும். உன் சோம்பேறித்தனத்தை நம்பித்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடத்தில் அது ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை.

கிடைத்தாலும் நீ இடத்தை மாற்றிய நாள் வரைக்கும்தான் இருக்கும். அதாவது நான் கிளம்பிய மாதம் வரைக்கும். அதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்டேட் என்று சொன்னது ரொம்பத் தப்பு. ஆனால் அது இரண்டாவது வேலை.


ஜூன் 10

இருந்தது.

திருத்தவில்லை. என் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே இரண்டு நகல் எடுத்தேன். இருநூற்று எண்பத்தேழு வாக்கியங்கள். எல்லாவற்றையும் ஏற்றி, அப்பாவைக் கூப்பிட்டு, “பழசு கிடைச்சிருக்குப்பா, புதுசு இல்ல” என்று சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

முதல் பொத்தானை அழுத்தினார். “அம்மாடி, அந்த ஜன்னல கொஞ்சம் தெறந்து விடு.”

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போய் ஜன்னலைத் திறந்தேன்.

அடுத்தது, “அம்மாடி, கண்ண கொஞ்சம் ஸ்கிரீன்லேர்ந்து எடு.” அதற்கடுத்தது, “அம்மாடி, இவன் சொல்றதெல்லாம் காதுல போட்டுக்காத.” அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கணக்கெடுப்பது அவர் முகத்தைப் பார்ப்பதைவிட எளிதாக இருந்ததால் கணக்கெடுத்தேன். உனக்கென்று ஐம்பத்துமூன்று வாக்கியங்கள். என்னைப் பற்றிப் பதினொன்று, எல்லாம் உன்னிடம் சொல்வது. என்னிடம் சொல்வது நாலு. நாலிலும் ‘டேய்’ உண்டு.

நீ இந்த வீட்டில் இருந்தபோது இவ்வளவு பேச்சு நடந்ததா? நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.


ஜூன் 12

நடந்தது. உங்களுக்குக் காதில் ஹெட்போன்.

ஐம்பத்துமூன்று என்று படித்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. இங்கே ஆபீஸில் என் மேசை கடைசி வரிசையில், பிரின்டருக்குப் பக்கத்தில். நாள் முழுக்க என்னிடம் அதிகம் பேசுவது அந்தப் பிரின்டர்தான். ‘காகிதம் இல்லை’ என்று சொல்லும். மனிதர்கள் வருவார்கள், தங்கள் தாள்களை எடுப்பார்கள், என் தலைக்கு மேல் சிரித்துவிட்டுப் போவார்கள். தங்கியிருக்கும் அறையின் ஜன்னலுக்கு எதிரே இன்னொரு கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அங்கே ஒருவர் எப்போதாவது ஜன்னலைத் திறப்பார். என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்பது போல் மூடிவிடுவார். குறை சொல்லவில்லை. நான் கேட்டு வாங்கியதுதான். உங்கள் வீட்டில் எனக்கென்று இருந்தது அலமாரியில் அரைத் தட்டு. அந்த அரைத் தட்டிலும் உங்கள் ஒயர்கள். இங்கே முழு அலமாரியும் என்னுடையது, பாதி காலி.

வேலைக்கு வருவோம். நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எண்பத்தேழு போக, நூற்று இருபத்தைந்து வாக்கியங்கள் போய்விட்டன. பதினாலு மாதமாக அவர் புதிதாகச் சேர்த்தவை. அவை எல்லாம் உங்களிடம்தான் சொல்லப்பட்டன, வேறு யார் இருக்கிறார்கள்? ஞாபகப்படுத்தி எழுதி அனுப்புங்கள். நான் தட்டி, ஃபைலாகத் திருப்பி அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் அவர் நாலு நிமிடம் செலவழிக்க வேண்டாம். நூற்று இருபத்தைந்தும் வராது. நூறு வந்தால் போதும்.

முதியோர் இல்லத்துக்கும் பதில் சொல்லுங்கள். நர்ஸ் தினமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.


ஜூன் 17

ஐந்து நாள் யோசித்தேன். ஆறு வந்திருக்கிறது.

“கதவச் சாத்து.” “மாத்திரை போட்டாச்சு.” “டிவிய மாத்து.” “யாரு போன்ல?” “ஒண்ணுமில்ல.” “சரி, நீ போ.”

ஏழாவதாக ஒன்று உண்டு. கொஞ்சம் நீளமான வாக்கியம். சாயங்காலங்களில் அடிக்கடி போடுவார். ‘இன்னிக்கு’ என்று தொடங்கும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. அது தொடங்கும்போதெல்லாம் “ஒரு நிமிஷம்ப்பா” என்று சொல்லியிருக்கிறேன். மீதி நூற்றுப் பதினெட்டு வாக்கியங்களையும் மெஷினிலிருந்து ஒரு தடவைதான் அழித்தேன். அதற்கு முன்பே தினமும் அழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போல.

கடைசியில் அவரிடமே போனேன். “அப்டேட் இல்லப்பா, நான்தான் அழிச்சேன். அவ செய்யாதன்னு சொன்னா, அதனாலதான் செஞ்சேன்” என்றேன். லேப்டாப்பை இழுத்துத் தட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை ஹெட்போனும் இல்லை, போனும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து நாலு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் சொன்னது: “அன்னிக்கே தெரியும். அப்டேட்டு தலைய குனிஞ்சிட்டு நிக்காது.”

‘இன்னிக்கு’ என்று தொடங்கும் அந்த வாக்கியம் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினார். மறுபடி தட்டினார். “எனக்கும் ஞாபகம் இல்ல.” பொய்யாக இருக்கலாம். நான் கட்டாயப்படுத்தவில்லை.

புரோகிராமைத் திருத்திவிட்டேன். ஒவ்வொருவரின் வாக்கியமும் மறுபடி அவரவர் வீட்டுக்குள். விண்டோஸில் அதன் உள்ளறை, மேக்கில் அதன் லைப்ரரி, லினக்ஸில் அதன் புள்ளி. நீ எழுதிய பழைய வரிகளையே திரும்பப் போட்டேன். மறைந்திருக்கும் இடத்தைத் தேடி யாரும் அழ வேண்டாம் என்று, ‘என் வாக்கியங்களை வெளியே எடு’ என்று ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். அதை முதல் நாளே வைத்திருந்தால் போதுமே என்று நீ நினைப்பது கேட்கிறது. முதியோர் இல்லத்துக்கு நேரில் போனேன். நீதிபதியின் பழைய ஃபைலும் கிடைத்தது. அவர் முதல் வேலையாக “தண்ணீர் வேண்டும்” என்பதை மூன்று தடவை போட்டு நர்ஸுக்குக் கேட்க வைத்தார். தாகம் இருந்த மாதிரி தெரியவில்லை.

உதவிப் பக்கத்தில் உன் எண்ணை எடுக்க மறந்ததாக நினைத்திருக்கிறாய். மறக்கவில்லை. எடுக்கவில்லை. நீ சொன்னால் எடுத்துவிடுகிறேன்.


ஜூன் 19

எண் இருக்கட்டும். நர்ஸ் நன்றாகப் பேசுகிறார்.

ஆறு வாக்கியங்களைத் தட்டி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆறுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு விஷயம். வாக்கியங்களைத் திருத்தும் பக்கத்தில், கீழே, ஒரு சொல்லை எல்லா வாக்கியத்திலும் ஒரே அடியாக மாற்றும் வசதி இருக்கிறது. நான் வைத்தது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. மேலே ‘அம்மாடி’ என்று போட்டு, கீழே ‘டேய்’ என்று போட்டு அழுத்தினால் ஐம்பத்துமூன்றும் மாறிவிடும். மாற்றிவிடுங்கள். வீட்டில் இல்லாத ஆளை ஒரு மனிதர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இந்தக் கடைசி வரியை எழுதாமலே அனுப்பியிருக்கலாம்.


ஜூன் 24

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே அம்மாடி, கீழே டேய். அழுத்துவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேட்காமல் அழுத்தக் கூடாது என்பதை ஒரு வழியாகக் கற்றிருக்கிறேன். “மாத்திடட்டுமாப்பா?” என்றேன். “அவ சொல்லித்தான்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

என் கையை மவுஸிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அவரே அந்தப் பக்கத்தை மூடினார். தன் அறைக்குப் போய்விட்டார்.

அது நாலு நாளைக்கு முன்னால். இன்று மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். இந்தப் பதினாலு மாதத்தில் அவர் என் அறைக்கு வந்ததில்லை. தேவையென்றால் கூப்பிடுவார், நான் போவேன். எதிரே உட்கார்ந்து, பொத்தானைத் தேடி அழுத்தினார்.

“அம்மாடி, சாப்டியா?”

எனக்கு நாற்பத்தாறு வயது. தலையில் முடி கிடையாது. திரும்பிப் பார்க்க அறையில் வேறு யாரும் இல்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்டேன்ப்பா” என்றேன்.

அடுத்த பொத்தானை அவர் தேடவில்லை, கை நேராகப் போயிற்று. உனக்காக எப்போதோ பக்கத்திலேயே எழுதி வைத்தது போலிருக்கிறது.

“பொய் சொல்லாத. தட்டு அப்படியே இருக்கு.”

அப்படியேதான் இருந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.